பச்சை விளக்கும் ஈர்க்குச்சியும்

டிங்கர் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக் குத்தவில்லை. நுனியை வைத்துச் சும்மா அழுத்தினார், அவ்வளவுதான். டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே, பெயின்ட் பளபளவென்று இருந்த இடம். நமத்துப்போன அப்பளத்தில் விரல் போவது மாதிரி கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஒரு கை அளவு செம்பழுப்புத் தூள் தரையில் கொட்டியது.

"தம்பி, இந்த எடத்துல இப்போ பெயின்ட்டு மட்டுந்தான் இருக்கு. தகடு போயிட்டு" என்றார்.

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. என் வண்டி 2009 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அலுவலகம் துறைமுகம் போகிற சாலையில். போகிற வழியெல்லாம் உப்பளம். சாயங்காலக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து வந்தால் உதடு கரிக்கும். இந்த ஊரில் இரும்பு கேட், ஏ.சி. வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எதுவும் அதன் முழு ஆயுசுக்கு இருந்ததில்லை.

என்னைச் சுட்டது வேறு. அந்த ஓட்டையிலிருந்து நாலு சாண் தூரத்தில், திறந்திருந்த பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. துருவைத் தடுக்கும் எலக்ட்ரானிக் கருவியின் விளக்கு அது. அண்ணாச்சி அதை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "இது எதுக்கு?" என்று கேட்டார். பாட்டு கேட்கிற பெட்டி என்று சொல்லியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

கருவி வந்த கதை இது. அக்கா குடும்பம் கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறது. அத்தான் அங்கே புதுக் கார் எடுத்தபோது, விலையெல்லாம் பேசி முடித்து, கையெழுத்துப் போடுவதற்கென்று தனி அறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் கண்ணாடிக்குக் காப்பீடு, டயருக்குக் காப்பீடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசியில் இந்தப் பெட்டியை எடுத்திருக்கிறார். ஆயிரம் டாலருக்கு மேல். "மாசத் தவணையில சேத்தா ஒரு காப்பிக் காசுதான் கூடும்" என்று சொல்லவும் அத்தான் தலையாட்டிவிட்டார். சில வருஷம் கழித்து அந்தக் காரை விற்கும்போது, போட்ட காசுக்கு மனசு கேட்காமல் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். "உப்பு வெளையிற ஊர்ல இருக்க மாப்ள, எனக்கவிட உனக்குத்தான் இது வேணும்" என்று கையில் கொடுத்தார்.

அங்கேயும் உப்புதான் பிரச்சினை. நாம் உப்பை விளைவிக்கிறோம், அவர்கள் ரோட்டில் கொட்டுகிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் ஐஸ் பிடிக்காமல் இருக்க லாரி லாரியாக உப்பைத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். அந்த உப்பில் பெரும்பங்கு பாறை உப்பு. ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் அரை கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெட்டி எடுக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய உப்புச் சுரங்கம் அது என்கிறார்கள். வண்டியின் அடிவயிறெல்லாம் அந்தக் கரைசல் தெறிக்கும். அதனால்தான் இந்தக் கருவிகளுக்கு அந்த ஊர்களில் இவ்வளவு சந்தை.

நான் அதை மாட்டியதற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை. துறைமுகத்துப் பக்கம் வேலை பார்ப்பவனுக்கு, மின்சாரத்தால் துருவைத் தடுக்க முடியும் என்பது மந்திரமாகத் தெரியாது. கப்பலின் அடிப்பாகத்தில் அதைத்தான் செய்கிறார்கள். நம் மீனவர்களின் விசைப்படகில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டியை போல்ட் போட்டு முடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு கீசருக்குள்ளும் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறது, தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்கு. கப்பலில் வேலை செய்வது காரில் ஏன் செய்யாது?

இந்தக் கேள்வியைக் கப்பல் சர்வே செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஓட்டை விழுந்த பிறகுதான் கேட்டேன், அது வேறு விஷயம். அவர் பதில் சொல்லவில்லை. துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு சரக்குக் கப்பலைக் கையைக் காட்டி, "எங்க துரு இருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஏணி, கைப்பிடிக் கம்பி, நங்கூரச் சங்கிலி வெளியே வரும் ஓட்டை, சரக்கறை மூடியின் ஓரம் என்று மேலே எல்லா இடத்திலும் சிவப்புக் கண்ணீர் வழிந்த தடம். இரண்டு பேர் சுத்தியலால் துருவைத் தட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஒருவர் பிரைமர் டப்பாவோடு போனார். கப்பலில் இந்த வேலை நின்றதே கிடையாது.

"அடியில கரன்ட் ஓடிக்கிட்டு இருக்கு. அதே இரும்பு, ஒரே கூடு, வெல்டிங் பண்ணி ஒட்டினது. கீழ பத்து வருஷமானாலும் நிக்கும், மேல பத்து மாசத்துல துரு. என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "கீழ கடல் இருக்கு."

விஷயம் முழுக்க அந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

துருப்பிடிப்பது என்பது இரும்பின் மேல் ஒரு குட்டி பேட்டரி உருவாவதுதான். தகட்டில் ஒரு துளி தண்ணீர் நிற்கிறது. அதன் அடியில் ஒரு இடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. இது ஆனோடு. இன்னொரு இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அது கேத்தோடு. எலக்ட்ரான் தகட்டுக்குள்ளே ஓடும். அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய துகள், தண்ணீருக்குள்ளே ஓடும். இரண்டு பாதையும் இருந்தால்தான் சுற்று முழுமையாகும். உப்பு செய்கிற முதல் கெடுதல், தண்ணீரை நல்ல வயராக மாற்றிவிடுவது.

வெளியிலிருந்து ஒரு மின்சாரத்தைக் கொடுத்து, எலக்ட்ரான்களை நாமே இரும்புக்குள் தள்ளினால், இரும்பு தன்னுடையதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆக்சிஜனுக்கு யார் கொடுத்தாலும் ஒன்றுதான். இதற்குப் பெயர் கேத்தோடிக் பாதுகாப்பு. 1824ல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் இங்கிலாந்துக் கடற்படைக்காக இதை முதலில் செய்து பார்த்தார். அப்போது கப்பல்கள் மரம், அடியில் செம்புத் தகடு போர்த்தியிருக்கும், கடல் அந்தச் செம்பை அரித்தது. டேவி செம்போடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அரிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த விஷத்தால்தான் அதுவரை பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருந்திருக்கிறது. செம்பு கரையாமல் போனதும் கப்பலின் அடியெல்லாம் சிப்பி மண்டி வேகம் குறைந்தது. கடற்படை அதைக் கைவிட்டது. வேதியியலில் ஜெயித்து, கப்பலில் தோற்ற மனுஷன்.

நூறு வருஷம் கழித்து, 1928ல், நியூ ஆர்லியன்சில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர் மண்ணுக்கடியில் போகும் எரிவாயுக் குழாய்க்கு மின்சாரம் கொடுத்துக் காப்பாற்றினார். குழாயின் மின்னழுத்தத்தை எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த மைனஸ் 0.85 வோல்ட் என்ற அளவுகோலை இன்றைக்கும் எண்ணெய்க் குழாய்க்காரர்கள் பின்பற்றுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கும் இதைச் செய்யலாம், ஏனென்றால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரம் இருக்கிறது.

இந்த எல்லாக் கதையிலும் மாறாமல் ஒன்று வருவதைக் கவனித்தால் போதும்: கடல், ஈர மண், ஈரக் கான்கிரீட். காக்க வேண்டிய இரும்பும், மின்சாரம் கொடுக்கும் ஆனோடும் ஒரே ஈரத்தில் மூழ்கியிருக்கின்றன. கார் காற்றில் நிற்கிறது. இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி, கதவுக்குள் கொஞ்சம் ஈரச் சேறு. ஆனோடாக வேலை செய்ய வேண்டியது கருவியோடு வந்த பட்டை, பானெட்டுக்குள் ஒட்டியது. அதிலிருந்து ரன்னிங் போர்டுக்குள், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள், இருக்கும் சேற்றுக்கு அயனி எப்படிப் போகும்? பறந்தா?

"பாடி முழுக்க நெகட்டிவ் சார்ஜ் ஏறும், அதனால் துரு பிடிக்காது" என்று அந்தப் பெட்டியோடு வந்த அட்டையில் எழுதியிருந்தது. இதற்கு வேதியியலே வேண்டாம். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் பதில் சொல்வார். இன்றைக்கு ஓடுகிற கார்களில் பாடிதான் எர்த். பேட்டரியின் மைனஸ் வயர் நேராகப் பாடியில்தான் முடுக்கியிருக்கும். மைனஸில் இருப்பதே போதும் என்றால், ஒரு கார்கூடத் துருப்பிடித்திருக்கக் கூடாது.

எனக்கு இருந்தாலும் கையால் செய்து பார்க்காமல் ஆறவில்லை. மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்கும் லீவு. நாலு இரும்பு ஆணியை எடுத்து உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். (உப்புத்தாள் என்று யார் பெயர் வைத்தார்களோ, துருவை எடுப்பதற்கு உப்புத்தாள், கொண்டுவருவதற்கு உப்பு.) இரண்டு கண்ணாடித் தம்ளரில் கடற்கரையிலிருந்து பிடித்துவந்த தண்ணீர். முதல் தம்ளரில் ஒரு ஆணி சும்மா. இரண்டாவதில் ஒரு ஆணியை டார்ச் பேட்டரி ஒன்றின் மைனஸில் கட்டி, பிளஸில் பென்சில் கரியைக் கட்டி, இரண்டையும் தண்ணீரில் இறக்கினோம். ஒன்றரை வோல்ட்தான்.

மறுநாள் காலையில் முதல் தம்ளரின் தண்ணீர் டீ மாதிரி ஆகியிருந்தது. இரண்டாவதில் ஆணி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அதன் மேல் லேசாக வெள்ளைப் படலம் படிந்திருந்தது. கடல்நீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அப்படிப் படியும். கப்பலின் அடியிலும் இதுவே நடக்கும். மகள் கைதட்டினாள். அத்தானுக்கு அப்போதே போன் போட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார்.

அப்புறம் மீதி இரண்டு ஆணியை எடுத்து மொட்டைமாடியில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டோம். ஒன்றில் அதே மாதிரி பேட்டரியின் மைனஸ். பென்சில் கரி பக்கத்திலேயே, இரண்டு விரல்கடை தள்ளி, பிளஸில் தொங்குகிறது. செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் கடல்தண்ணீரை ஊற்றி எல்லாவற்றின் மேலும் காலையும் மாலையும் அடித்தோம். மறுநாளே இரண்டு ஆணியும் ஒரே நிறம். எது பேட்டரியில் கட்டியது என்று வயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "பேட்டரி தீந்துபோச்சாப்பா?" என்று கேட்டாள். டார்ச்சில் போட்டுக் காட்டினேன், எரிந்தது.

நாலு ஆணி ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் விற்பவர்களின் வீடியோக்களை அதற்குப் பிறகு பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். தண்ணீர்த் தொட்டியில் தகட்டை மூழ்கவைத்துக் காட்டும் வீடியோக்கள் அழகாக இருக்கும். தொட்டியில் வைத்தால் என் ஒன்றரை வோல்ட் பேட்டரியே ஜெயிக்கிறது. உப்புப் புகைப் பெட்டியில் வைத்துச் சோதித்தோம் என்பார்கள். தொழில்துறையில் அது வழக்கமான சோதனைதான், 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோல அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தகடும் ஆனோடும் ஒட்டியே இருந்து, மேலெல்லாம் உப்புத்தண்ணீர் விடாமல் வழிந்தால், அது தொட்டிக்குத்தான் பக்கம். கொடிக்கயிற்றில் தொங்கும் ஆணிக்கு இல்லை.

சில கம்பெனிகள் இந்த ஆட்சேபணையைத் தெரிந்துவைத்திருக்கின்றன. "நாங்கள் பழைய முறையே இல்லை, மின்தேக்கி (கெபாசிட்டர்) முறை" என்பார்கள். அதாவது பட்டை ஒரு பக்கம், கார்த் தகடு ஒரு பக்கம், நடுவில் பெயின்ட். மூன்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கி, அதனால் தகட்டில் எலக்ட்ரான் சேர்ந்து நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் இரும்பு கரையும்போது வெளிவிடும் மின்னூட்டம் சுமார் 3,450 கூலும் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு). உள்ளங்கை அளவு, பத்து செ.மீ.க்குப் பத்து செ.மீ. பட்டையை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பெயின்ட் மேல் ஒட்டி 12 வோல்ட் கொடுத்தால் அதில் சேர்கிற மின்னூட்டம் ஒரு கூலுமில் ஏறக்குறைய இரண்டரைக் கோடியில் ஒரு பங்குதான். ஒரு கிராம் இரும்புக்கு வேண்டியது அதைப்போல எட்டாயிரம் கோடி மடங்கு. சரி, வோல்ட்டை நூறு மடங்கு ஆக்கு, அப்போதும் எண்பது கோடி மடங்கு பாக்கி. துடிப்புத் துடிப்பாகக் கொடுத்தாலும் ஏறினது இறங்கும், இறங்கினது ஏறும், கடைசியில் கணக்கு சுழியம். உயர் அதிர்வெண் அலை என்று ஒரு வகையும் உண்டு. அலையோ தேக்கியோ, ரன்னிங் போர்டுக்குள் இருக்கும் சேற்றுக்கு அது போய்ச் சேரும் வழியை மட்டும் எந்த அட்டையிலும் காணோம்.

கருவி எடுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு என்று சிலர் குறை சொல்வார்கள். அது சரியான குறை இல்லை. ஒரு வருஷத்தில் ஒரு கிராம் இரும்பைக் காப்பாற்ற, சரியான பாதை இருந்தால், மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை, போகத்தான் ரோடு இல்லை.

காப்புரிமை வாங்கியிருக்கிறோம் என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. காப்புரிமை கொடுப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இது இதற்கு முன்னால் இருந்ததா, புதுசா என்பதைத்தான். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. இந்த வியாபாரம் சட்டத்தின் கையில் சிக்கியதும் உண்டு. அமெரிக்காவில் 1990களின் நடுவில், ரஸ்ட் இவேடர் என்ற கருவியை விற்ற பென்சில்வேனியா கம்பெனி மேல், நுகர்வோரை ஏமாற்றும் வியாபாரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இது துருவைத் தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டு. அப்படிச் சொல்லி விற்பதை நிறுத்தச் சொன்னதோடு, வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 2 லட்சம் டாலரும் வாங்கினார்கள். பெயரும் உருவமும் மாறி, இந்த ஜாதிக் கருவிகள் இன்றும் விற்பனையில்தான் இருக்கின்றன.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் "என் காரில் பத்து வருஷமாகத் துருவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கருவி இல்லாத பக்கத்து வீட்டுக் காரிலும் பத்து வருஷமாகத் துரு இல்லை, அதை அவர்கள் பார்ப்பதில்லை. இன்றைய கார்களின் பாடித் தகடுகளில் பெரும்பாலும் துத்தநாகம் பூசியே வருகிறது. 1970களின் நடுவில் போர்ஷே 911 அப்படி வந்தபோது அது பெரிய சேதி, இப்போது சாதாரணம். அதற்கு மேல் தொழிற்சாலையில் ஒரு குளியல் உண்டு. முழு பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்கி, பாடியைக் கேத்தோடாக்கி, நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுப்பார்கள். பெயின்ட் துகள் மின்சாரத்தால் இழுக்கப்பட்டு, பிரஷ் போகாத மூலைமுடுக்கிலெல்லாம் ஒரே சீராக ஒட்டும். பிறகு அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். ஆக, மின்சாரம் காரைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஷோரூமுக்கு வருவதற்கு முன்னாலேயே, பாடி தொட்டியில் மூழ்கியிருந்தபோதே, அந்த வேலை முடிந்துவிட்டது. அங்கேயும் பாருங்கள், தொட்டி.

அத்தான் கொடுத்த காசில் பாதி கருவிக்கு இல்லை, அதோடு வந்த வாரன்டி காகிதத்துக்கு என்றுதான் நினைக்கிறேன். அவர் அனுப்பிய போட்டோவில் அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்தேன். உள்ளிருந்து வெளியே அரித்து ஓட்டை விழுந்தால் மட்டும் பணம். மேல்துரு கிடையாது. கல் பட்டுப் பெயர்ந்த இடம் கிடையாது. சைலன்சர், சஸ்பென்ஷன், அடிச்சட்டம் கிடையாது. வருஷா வருஷம் குறித்த தேதிக்குள் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும், ஒரு வருஷம் தவறினால் எல்லாம் போச்சு. ஓட்டை விழாத காருக்கு, விழவே விழாத வருஷங்களில், விழுந்தால் தருகிறேன் என்று ஒரு வாக்கு. விற்பவர் கணக்கில் கெட்டிக்காரர்.

நம் பக்கத்தில் துருவைப் படிப்பதற்கென்றே பெரிய இடம் இருக்கிறது, காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நேரத்தில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். இரும்பைக் கடல் தின்பதைப் பார்க்க அவர்களுக்கு மண்டபத்திலும் எங்கள் ஊரிலும் கிளைகள் உண்டு. மண்டபத்துக்கு எதிரே பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், கடல்காற்றைத் தாங்குவதற்குப் பாலிசிலாக்சேன் என்ற வகைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள், மூட்டுகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். காற்றில் நிற்கும் இரும்புக்கு, இத்தனை படித்தவர்கள் கூடிச் செய்தது கடைசியில் நல்ல பெயின்ட்தான்.

என் வண்டிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவி மாட்டும்போதே அதற்கு வயது பத்துக்கு மேல். உள்ளே ஏற்கெனவே அரிக்கத் தொடங்கியிருக்கலாம். அதோடு 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, வண்டி சீட் வரைக்கும் மூழ்கிக் கிடந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தக் கருவிக்கு ஆனோடு, கேத்தோடு, நடுவில் தொடர்ச்சியான தண்ணீர் எல்லாம் ஒழுங்காக அமைந்த ஒரே சந்தர்ப்பம் அந்த இரண்டு நாள்தான். அப்போது பேட்டரி செத்துவிட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றிக் காயப்போட்டோம். ரன்னிங் போர்டுக்குள் போன சேற்றைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. அண்ணாச்சி கட்டிங் மெஷினில் அந்தப் பகுதியை அறுத்துத் திறந்தபோது உள்ளே அந்த டிசம்பர் அப்படியே இருந்தது. கருப்புச் சேறு, ஒரு வேப்பங்கொட்டை, பிஸ்கட் உறையின் துண்டு. இத்தனை மாதம் கழித்தும் ஈரமாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிசயமாக இருக்காது. சமையலறையில் கல் உப்பு ஜாடி ராத்திரியில் கசிவது அதனால்தான். சாதா உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கூட இருக்கிற மெக்னீசியம் உப்பு அதற்கு முன்னாலேயே, 33 சதவீதத்திலேயே நீர்விடும். தூத்துக்குடியில் காற்று அதைவிட வறண்டு போவது அபூர்வம். அந்தச் சேறு காயவே காயாது.

"தண்ணி உள்ள போறத நிறுத்த முடியாது தம்பி. வெளிய போவ வழி இருக்கணும். அத அடச்சிட்டு மேல என்னத்த அடிச்சி என்ன?" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கதவின் அடி ஓரத்தைக் காட்டினார். கதவைத் திறந்து, கீழ் விளிம்பைக் குனிந்து பார்த்தால், நகம் அளவுக்கு மூன்று நீள்துளைகள். ரன்னிங் போர்டின் அடியிலும் அப்படியே. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேறுவதற்குக் கம்பெனியே வைத்த வழி. பதினாலு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், அதுவரை பார்த்ததில்லை. மூன்றில் இரண்டு அடைத்திருந்தன. ஒன்றை அடைத்தது மண் இல்லை. சில வருஷம் முன்னால் நான் காசு கொடுத்து அடித்த அண்டர்பாடி கோட்டிங்தான். தார் மாதிரி அதை அடித்த பையன் ஓட்டையையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். ஆக, துருவைத் தடுக்க நான் செய்த இரண்டில் ஒன்று எதுவுமே செய்யவில்லை, மற்றது துருவுக்கு ஒத்தாசை செய்திருக்கிறது.

புதுத் தகடு வெட்டி வைத்து, வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு, பட்டி, பெயின்ட் என்று வேலை நாலு நாள் ஓடியது. மூடுவதற்கு முன்னால் உள்ளே பிசுபிசுவென்று ஒரு எண்ணெயைப் பீய்ச்சினார். கனடாவிலும் விவரம் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு அத்தானே சொன்னார், அடியில் எண்ணெய் அடிப்பது. அங்கே அதற்கென்று தனிக் கடைகள் உண்டாம். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் பழைய எஞ்சின் ஆயிலை அடித்துக்கொண்டிருந்தார்கள், அது மண்ணுக்கும் ரப்பருக்கும் கெடுதல், வேண்டாம். துருவுக்கென்றே வருகிற மெழுகு எண்ணெய் கிடைக்கிறது. உப்பு லாரி ஓட்டுகிறவர்கள் லோடு இறக்கியதும் சேஸிஸை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அவர்களிடம் பச்சை விளக்கு இல்லை.

பில் பதினோராயிரத்துச் சொச்சம். காசு கொடுக்கும்போது கருவியைக் கழற்றிவிடவா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. அக்கா அடுத்த கோடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், அத்தானும் வருவார், பானெட்டைத் திறந்து பார்ப்பார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழுவும்போது, மகள் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வருவாள். கதவுக்கு மூன்று, நாலு கதவுக்குப் பன்னிரண்டு, ரன்னிங் போர்டில் இரண்டு பக்கமும். ஒவ்வொன்றாகக் குத்துவாள். மழை பெய்த வாரமென்றால் சில துளையிலிருந்து கருப்பாக ஒரு வாய்த் தண்ணீர் வந்து விழும், "அப்பா, இதுல வருது" என்று கத்துவாள்.

போன வாரம் அப்படிக் குத்திக்கொண்டிருக்கும்போது அத்தான் வீடியோவில் வந்தார். அங்கே ராத்திரி, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா, பிள்ளைகள், ஊர்ச் சேதி எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"மாப்ள, அந்தப் பச்ச லைட்டு எரியுதா?"

"எரியுது அத்தான்" என்றேன்.